படித்தவன் எந்தப் பக்கம் உட்காருவான்?

(ஜொகூர் ரப்பர் தோட்டக் கிளை ஒன்றின் பொதுக் கூட்டத்தில், சிங்கப்பூர் சென்று திரும்பிய ஐவர் குழுவின் சார்பில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் பேச்சை நீட்டினால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் சங்கப் பணத்தில் பஸ் செலவு வாங்கிக்கொண்டு போனவர்கள் கணக்குச் சொல்லித்தானே ஆகவேண்டும்? ஆகவே சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதற்காகப் போனோம் என்பதை முதலில் நினைவூட்டுகிறோம். சென்ற கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. ஞாயிறுதோறும் இந்த மண்டபத்தில் ஒரு வகுப்பு நடத்தவேண்டும். சம்பளச் சீட்டைப் படிப்பது எப்படி, ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்கும் முன் எதைப் பார்ப்பது, தொழிற்சட்டம் என்ன சொல்கிறது என்பதையெல்லாம் கற்றுக் கொடுக்கவேண்டும். நம் தோட்டத்தில் இப்போது பால் வெட்டும் வங்காளதேச, இந்தோனீசிய, நேப்பாளத் தோழர்களையும் அதில் சேர்த்துக்கொள்ளவேண்டும். இதுதான் யோசனை. உடனே இரண்டு மறுப்புகள் எழுந்தன. "பள்ளிக்கூடம் நடத்துவது வாத்தியார் வேலை, சங்கத்துக்கு எதற்கு?" என்றார் ஒருவர். "நம் சந்தாப் பணத்தில் அந்நியனுக்குப் பாடமா?" என்றார் இன்னொருவர். அப்போது பின்வரிசையிலிருந்து, நம் பத்தாம் நம்பர் மலைக்காட்டுப் பெரியவர் எழுந்து, "எங்கள் வேதக்காரர்கள் சிங்கப்பூரில் நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகப் பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள். தொழிலாளியைப் பற்றிப் போப்பாண்டவர் எழுதிய போதனையும் இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்ததா, சேரவில்லையா, போய்ப் பார்த்துவிட்டு வந்து முடிவு செய்யுங்கள்" என்றார். அதன்மேல்தான் நாங்கள் போனோம். ஐவரில் அவர் ஒருவரே கத்தோலிக்கர். மற்ற நால்வரும் மாரியம்மன் திருவிழாவில் தீ மிதிக்கிறவர்கள். எனவே இது மதப் பிரசங்கம் அன்று என்பதை இப்போதே சொல்லிவிடுகிறோம்.

விடியற்காலைப் பஸ் ஏறிப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. தேக்காவிலே இட்டலி தின்றோம். சிராங்கூன் சாலையின் ஞாயிற்றுக்கிழமையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்; உங்கள் பிள்ளைகள் அங்கே வேலை பார்க்கிறார்கள். கேம்பல் லேனில் பூக்கடை, பஃபலோ ரோட்டில் காய்கறிக் கடை, பணம் அனுப்பும் கடைகளின் முன்னே வரிசை. புதுக்கோட்டை, தஞ்சாவூர், இராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகள், வாரம் முழுதும் கட்டடத்தில் ஏறி இறங்கியவர்கள், அன்று ஒரு நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நடக்கிறார்கள்.

ரேஸ் கோர்ஸ் சாலை ஓரத்தில் சற்று நின்றோம். 2013 டிசம்பர் 8-ஆம் நாள் இரவு, இங்கேதான் தமிழ்நாட்டுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் சிக்கி மாண்டார். அதன் பின் கலவரம் மூண்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கலவரம் காணாத ஊரில் வண்டிகள் எரிந்தன. அதற்கு முன்னும் அந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு ஞாயிறும் அங்கே புல்தரையில் உட்கார்ந்துதான் இருந்தார்கள். அன்றுதான் ஊர் அவர்களைத் திரும்பிப் பார்த்தது. பிறகு 2020-இல் கொள்ளைநோய் வந்து விடுதிகளில் மாதக்கணக்கில் அடைபட்டபோது மறுபடியும் பார்த்தது.

அங்கே ஒரு தம்பியிடம் பேச்சுக் கொடுத்தோம். ஊர் அறந்தாங்கிப் பக்கம். நாங்கள் தோட்டத்துக்காரர்கள் என்றதும், "எங்க தாத்தாவோட அண்ணன் மலாயாவுக்குப் பால் வெட்டப் போனவரு, திரும்பி வரலை" என்றார். பிறகு கைத்தொலைபேசியைத் திறந்து தம் சம்பளச் சீட்டின் படங்களை மாதவாரியாகக் காட்டினார். யாரோ தொண்டர்கள் நடத்திய ஞாயிறு வகுப்பில், சீட்டைப் படம் எடுத்து வைக்கச் சொல்லிக் கொடுத்தார்களாம். "சீட்டு இல்லாதவன் பேச்சை யாரு அண்ணே கேப்பா?" என்றார். எங்களுடன் வந்த அக்கா, தம் பையிலிருந்த சுருட்டிய சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே வைத்துக்கொண்டார்.

தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில் ஓஃபிர் சாலையில் லூர்து மாதா கோயில் இருக்கிறது. வெள்ளையாய், ஊசிக் கோபுரத்தோடு நிற்கிறது. தமிழ்க் கத்தோலிக்கருக்காகவே கட்டிய கோயில் அது. 1886-இல் அடிக்கல் நாட்டி 1888-இல் கட்டி முடித்தார்கள். அதற்கு முன் தமிழர்கள், குயின் ஸ்டிரீட்டில் உள்ள பேதுரு பவுல் கோயிலில் சீனருடன் சேர்ந்து பூசை கண்டார்கள். இன்றைக்கும் ஓஃபிர் சாலையில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை உண்டு. நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்தோம். முன்னே பட்டுப் புடவை கட்டிய சிங்கப்பூர்க் குடும்பங்கள். ஓரத்தில் கப்பல் பட்டறைச் சட்டையோடு வந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். பூசை முடிந்ததும் இரு கூட்டமும் இரு வாசலால் போனதையும் கண்டோம். குறை சொல்லவில்லை, நம் கோயிலில் மட்டும் என்ன வாழ்கிறது?

அந்த 1888-ஆம் ஆண்டை நம் தொழிலாளி ஒருவரும் மறக்கலாகாது. அவ்வாண்டுதான் ரிட்லி என்னும் வெள்ளைக்காரர் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்குத் தலைவராய் வந்தார். 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்திருந்தன. அவற்றின் வம்சத்தை வைத்துக்கொண்டு, மரம் சாகாமல் தினமும் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தவர் ரிட்லி. நம் கையில் இருக்கும் கத்திக்கு அவர்தாம் பாட்டன். ஆக, ஒரு பக்கம் தமிழனுக்குக் கோயில் கட்டி முடிகிறது. இன்னொரு பக்கம் தமிழனை ஆயிரமாயிரமாய்க் காட்டுக்குள் இழுக்கப்போகும் மரத்துக்கு ஆள் வருகிறது. மூன்று ஆண்டு கழித்து, 1891 மே 15-இல், ரோமாபுரியில் பதின்மூன்றாம் சிங்கராயர் என்னும் போப்பாண்டவர் தொழிலாளரைப் பற்றி ஒரு சுற்றுமடல் வெளியிடுகிறார். மூன்றும் ஒன்றுக்கொன்று தெரியாமல் நடந்தன.

அம்மடல் என்ன சொல்லிற்று? உழைப்பு சந்தையில் விலை பேசும் வெறுஞ்சரக்கு அன்று. முதலாளியும் தொழிலாளியும் சம்மதித்துக் கூலி பேசினாலும், அந்தக் கூலி ஒழுங்காய் வாழும் தொழிலாளியைத் தாங்கப் போதவில்லையானால் அது அநியாயம். பட்டினிக்குப் பயந்து ஒருவன் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டால் அவன் ஒப்பவில்லை, பலவந்தத்துக்கு ஆளானான் என்றுதான் பொருள். தொழிலாளர் சங்கம் சேர்வது இயற்கை உரிமை. அதைத் தடுக்கச் சர்க்காருக்கும் அதிகாரம் இல்லை. அதே மடல் பொதுவுடைமையைக் கண்டித்ததும் உண்டு, தனிச்சொத்தை ஆதரித்ததும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்கிறோம். ஆனால் கங்காணிக் கூலி காலத்தில், நம் பாட்டனார் பிரட்டுக்களத்தில் இருட்டோடு நின்ற காலத்தில், இந்த வார்த்தைகள் தமிழில் ஒருவர் வாயிலிருந்து அவர் காதில் விழுந்திருந்தால்? மடல் எழுதப்பட்டது. அதைப் படித்துக் காட்ட வேண்டியவர் யார்? பள்ளிக்கூடம் வைத்திருந்தவர்.

ஆகவே பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போனோம். ஓஃபிர் சாலையிலிருந்து விக்டோரியா ஸ்டிரீட் போனால் பழைய கன்னிமாடம். 1854-இல் பிரெஞ்சுக் கன்னியர்கள் வந்து திறந்தது. அதன் பக்கவாசல் ஒன்றுக்கு நம்பிக்கை வாசல் என்று பெயர். வறுமையால் வளர்க்க முடியாத குழந்தைகளை அங்கே விட்டுப் போவார்கள், கன்னியர் எடுத்து வளர்ப்பார்கள். ஒரே மதிலுக்குள் பணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகளும் இருந்தார்கள், அநாதைப் பிள்ளைகளும் இருந்தார்கள். 1983-இல் பள்ளி தோ பாயோவுக்குப் போய்விட்டது. இப்போது அந்தக் கட்டடத்தில் உணவுக் கடைகளும் மதுக் கடைகளும் கலியாண மண்டபமுமாக இருக்கின்றன. எங்கள் அக்கா விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்கு ஒரு வாரம் மரம் வெட்டணும்" என்றார். உள்ளே போகவில்லை.

பிராஸ் பாசா சாலையில் சூசையப்பர் பள்ளியின் பழைய கட்டடம். பின்னாளில் அது ஓவியக் காட்சிச்சாலை ஆயிற்று. பெரல் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் ஐரோப்பாவுக்குப் போய்க் கெஞ்சிக் கூத்தாடி, லசால் சபைச் சகோதரர்களை 1852-இல் கப்பலில் அழைத்து வந்தார். பாதிப்பேர் சிங்கப்பூரில் தங்க, பாதிப்பேர் பினாங்குக்குப் போனார்கள். இங்கே சூசையப்பர் பள்ளியும் அங்கே சவேரியார் பள்ளியும் அப்படித்தான் உண்டாயின.

இந்த லசால் என்பவரைப் பற்றி நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் தமிழ்ப்பள்ளியில் படித்த எங்களுக்கு அது நெஞ்சில் தைத்தது. 1651-இல் பிரான்சில் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். கோயிலில் வருமானமுள்ள உயர்ந்த பதவி வைத்திருந்தவர். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய முரட்டு வாத்தியார்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். உறவினர் காறித் துப்பினர். பதவியை விட்டார். பஞ்சம் வந்தபோது சொத்தை விற்று அப்பமாக்கிக் கொடுத்துவிட்டுத் தாமும் அந்த வாத்தியார்களில் ஒருவரானார். அக்காலத்தில் படிப்பு என்றால் இலத்தீன். அவர் என்ன செய்தார் தெரியுமா? கைவினைஞன் மகனுக்கும் கூலிக்காரன் மகனுக்கும் தாய்மொழியில் எழுத்தறிவித்தார். பிள்ளை எந்த மொழியில் பசிக்கிறது என்று சொல்லுகிறதோ அந்த மொழியில்!

அவர் பெயரால் வந்த பள்ளிகள் இந்தப் பக்கத்தில் ஆங்கிலப் பள்ளிகளாயின. வெள்ளைக்கார ஆட்சிக்கும் வர்த்தகக் கம்பெனிகளுக்கும் எழுத்தர்கள் தேவை. பெற்றோரும் அதைத்தான் விரும்பினர். நாங்கள் சகோதரர்களைக் குறை கூறவில்லை. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் எத்தனை ஏழைக் குடும்பங்கள் அப்பள்ளிகளால் தலையெடுத்தன என்பதற்குக் கணக்கில்லை. கட்டணம் கட்ட முடியாதவனைச் சேர்த்துக்கொண்டு சோறும் போட்ட சகோதரர்கள் உண்டு. ஆனாலும் கேட்கிறோம்: வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைக்கு 1891-ஆம் ஆண்டு மடலை யாராவது பாடமாக வைத்தார்களா? கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுத்தார்கள். கூலி எப்படிக் கூட்டப்படுகிறது, எதனால் கழிக்கப்படுகிறது என்பதும் அதே கணக்கில் சேர்ந்ததுதானே? இதை நாங்கள் மட்டும் கேட்கவில்லை. இருபத்துமூன்றாம் அருளப்பர் என்னும் போப்பாண்டவரே 1961-இல் எழுதிய மடலில், சமூகப் போதனையைக் கத்தோலிக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் பாடமாகவே நடத்தவேண்டும் என்று வற்புறுத்தினார். நடந்துகொண்டிருந்தால் வற்புறுத்துவாரா? அதோடு நிற்கவில்லை. புத்தகத்தில் படித்தால் போதாது, செயலில் இறங்கித்தான் அதைக் கற்க முடியும் என்றும் எழுதினார். நீந்தக் கற்பவன் தண்ணீரில் இறங்கவேண்டும் என்பதுபோல.

செயலில் இறங்குவது எப்படி என்பதற்கு அவர் எடுத்துக் கூறிய முறை ஒன்று உண்டு. அது அவர் கண்டது அன்று. பெல்ஜியம் நாட்டுக் கார்டின் என்னும் பாதிரியார் கண்டது. இவர் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். கிராணிமார் அனைவரும் காது கொடுத்துக் கேட்கவேண்டிய கதை.

1882-இல் பிறந்தவர் ஜோசப் கார்டின். எளிய குடும்பம். மகனைக் குருமடத்துக்கு அனுப்பிப் படிக்கவைக்க அப்பன் கூடுதலாய் உழைத்தார். விடுமுறைக்கு மகன் ஊர் திரும்பினான். பள்ளியில் கூடப் படித்த பையன்கள் அதற்குள் ஆலைக்கும் சுரங்கத்துக்கும் வேலைக்குப் போயிருந்தார்கள். இவன் ஓடிப்போய்ப் பேசினான். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நேற்று வரை தோளில் கை போட்டவர்கள்! கறுப்பு அங்கியும் மெல்லிய கையுமாய் வந்தவன் அவர்களுக்கு எதிர்ப்பக்கத்து ஆள் ஆகிவிட்டான். அவன் ஒரு தவறும் செய்யவில்லை, படித்தான், அவ்வளவே. 1903-இல், உழைத்து உழைத்து ஓய்ந்த அப்பன் சாகக் கிடந்தபோது, தன் வாழ்நாளைத் தொழிலாளிக்கே கொடுப்பதாகப் படுக்கையருகே சத்தியம் செய்தான்.

நம் தோட்டத்தில் இது நடக்கவில்லையா? லயத்தில் பிறந்த பிள்ளை ஆபீசுக்குள் போய்க் கூரையடியில் உட்காருகிறான். மறுமாதம் அவனைக் கூடப் பிறந்தவர்களே "ஐயா" என்று கூப்பிடத் தொடங்குகிறார்கள். அவனுக்கும் அது பிடித்துப்போகிறது. நாங்களும் லயத்தில் பிறந்தவர்களே. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கார்டின் 1925-இல் இளங்கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கினார். பிரசங்கம் செய்யவில்லை. ஆலைப் பையன்கள் பத்துப்பேரைக் கூட்டிவைத்து, பார், சீர்தூக்கு, செய் என்றார். உன் பட்டறையில் என்ன நடக்கிறது? எத்தனை மணி வேலை? பெண்பிள்ளையிடம் மேஸ்திரி எப்படிப் பேசுகிறான்? பார்த்து எழுது. அது சரியா என்று வேதத்தையும் மனச்சாட்சியையும் வைத்துச் சீர்தூக்கு. அடுத்த வாரத்துக்குள் உன்னால் செய்யக்கூடியது ஒன்றைச் செய். தொழிலாளிக்குப் படித்தவன் வந்து பாடம் நடத்துவது அன்று, தொழிலாளியே தன் வாழ்வைப் பாடமாக வைத்துப் படிப்பது. அந்த இயக்கம் உலகமெல்லாம் பரவி, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. கார்டின் 1965-இல் கர்தினாலாகி 1967-இல் இறந்தார்.

இனி, சிங்கப்பூரில் அந்தச் செயல் எங்கே போய் முட்டிற்று என்பதைச் சொல்லவேண்டும். இதை விட்டுவிட்டுப் பேசினால் பாதிக் கதைதான் சொன்னவர்கள் ஆவோம்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஜூரோங் ஆலைகள் பெருகின. பிலிப்பைன்சிலிருந்து வீட்டு வேலைக்குப் பெண்கள் வந்தார்கள். நம் நாட்டுப் பிள்ளைகள் ஆலைக்குப் போனார்கள். 1980-இல் அரோட்கரேனா என்னும் பிரெஞ்சுக் குரு, கேலாங் வட்டாரத்தில் ஒரு கத்தோலிக்க நிலையம் திறந்தார். எசமான் வீட்டிலிருந்து ஓடிவந்த பெண்ணுக்குப் படுக்க இடம், சம்பளம் கிடைக்காதவளுக்கு ஆலோசனை, சட்டம் தெரிந்தவர் உதவி. படித்த இளைஞர் பலர் அங்கே வந்து உழைத்தார்கள். வின்சென்ட் செங் என்பவர் பேராயத்தின் நீதி சமாதான ஆணைக்குழுவுக்கு நிர்வாகச் செயலாளராக இருந்தார். சுற்றுமடலில் எழுதியிருப்பதைத் தெருவில் செய்து பார்த்த கூட்டம் என்று சொல்லலாம்.

1987 மே 21 அதிகாலையில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 16 பேரைக் கைது செய்தார்கள். ஜூன் 20-இல் மேலும் 6 பேர். மார்க்சியச் சதி என்று அரசாங்கம் கூறியது. திருச்சபைப் பணியாளர், வழக்கறிஞர், நாடகக்காரர் எல்லாரும் அதில் இருந்தனர். பேராயர் கிரகோரி யோங் தொடக்கத்தில் தம் பணியாளர் பக்கம் பேசினார். ஜூன் 2-ஆம் நாள் பிரதமர் லீ குவான் யூவுடன் நடந்த சந்திப்புக்குப் பிறகு, இக்கைது திருச்சபைமீது விழுந்த அடி அன்று என்று ஏற்றுக்கொண்டார். நான்கு குருமார் பொறுப்புகளிலிருந்து விலகினர். கேலாங் நிலையம் மூடப்பட்டது. நீதிமன்றத்தில் எவர்மீதும் வழக்கு நடக்கவில்லை. விடுதலையானவர்களில் ஒன்பது பேர் 1988 ஏப்ரலில் குற்றச்சாட்டை மறுத்தும், தாங்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கூறியும் அறிக்கை விட்டனர். அவர்களில் எட்டுப் பேர் மீண்டும் உள்ளே போனார்கள். வின்சென்ட் செங் மூன்று ஆண்டு சிறையிலிருந்து 1990-இல் வெளியே வந்தார்.

அரசாங்கம் தன் கூற்றைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் பிற்காலத்தில் வேறு குரல்களும் எழுந்தன. தர்மன் சண்முகரத்தினம், பின்னாளில் அந்நாட்டின் அதிபராகப் போகிறவர், 2001-இல் சொன்னார்: உளவுத் தகவல் எதுவும் தமக்குத் தெரியாது, எனினும் தாம் அறிந்தவரை அவர்களில் பெரும்பாலோர் சமூகத் தொண்டர்களே, அமைப்பைக் கவிழ்க்க வந்தவர்கள் அல்லர். நம்மவரான அமைச்சர் தனபாலன் 1992-இல் அமைச்சரவையை விட்டு விலகினார். இந்நடவடிக்கையில் அவருக்கு மனம் ஒப்பவில்லை என்பதைக் கோ சோக் தோங் பல ஆண்டுக்குப் பின் வெளியிட்டார்.

நம் பெரியவர் இதைக் கேட்டுத் தலை குனிந்தார். "பாடம் சரி, செய்தவனும் சரி. செய்தவனைப் பிடித்தபோது பாடம் எழுதினவர்கள் எங்கே நின்றார்கள்?" என்று கேட்டார். அவருடைய வேதத்தைப் பற்றி அவர் கேட்கலாம். நாங்கள் கேட்கக் கூடாது. மேலும், ஒரு சின்ன ஊரில் அத்தனை விசுவாசிகளுக்கும் பொறுப்பானவர் அந்த அறையில் எதை நினைத்து ஒப்புக்கொண்டார் என்பது வெளியே நிற்கும் நமக்கு எப்படித் தெரியும்? நம் சங்க வரலாற்றிலும் பயந்து கையெழுத்துப் போட்ட இரவுகள் இல்லையா?

ஒன்றைக் கண்டோம். படிப்பு மட்டும் கொடுத்தவரை யாரும் தொடவில்லை. சோறு மட்டும் போட்டவரைப் பாராட்டினார்கள். ஓடிவந்தவளுக்குச் சோறும் போட்டு, உன் சம்பளம் ஏன் வரவில்லை என்று படித்தும் காட்டியவர்களிடம்தான் சங்கடம் ஆரம்பித்தது.

கதை அத்துடன் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. 1998-இல் பேராயமே புலம்பெயர்ந்த தொழிலாளருக்கென ஓர் ஆணைக்குழு அமைத்தது. சமையல், தையல், முதியோர் பராமரிப்பு, கணினி என்று ஞாயிறு வகுப்புகள் நடத்துகிறார்கள். தகராறு வந்தால் வழிகாட்டுகிறார்கள். அதில் தொண்டு செய்த பிரிட்ஜெட் லியூ என்ற அம்மையார் 2004-இல் தனியே ஓர் அமைப்புத் தொடங்கி, ஓடிவந்த பெண்களுக்கு அடைக்கலம் கொடுத்தார். பலரும் குரல் கொடுத்துக் கொடுத்து, 2013 ஜனவரி முதல் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு சட்டமாயிற்று. அதிலும் காசு கொடுத்து ஓய்வு நாளை வாங்கிக்கொள்ளும் ஓட்டை இருந்தது. 2023 ஜனவரி முதல் மாதத்தில் ஒரு நாளையாவது அப்படி வாங்க முடியாது என்று ஆக்கினார்கள். இவ்வளவுக்கும் தொழிற்சட்டத்துக்குள் அவர்கள் இன்னும் வரவில்லை. 2024 செப்டம்பரில் பிரான்சிஸ் பாப்பரசர் சிங்கப்பூர் வந்து, அதிபரும் பிரதமரும் இருந்த சபையிலேயே, வெளிநாட்டுத் தொழிலாளரின் மானத்தைக் காக்கவேண்டும், நியாயமான கூலி கொடுக்கவேண்டும் என்று பேசிவிட்டுப் போனார். அவருக்குப் பின் 2025 மே மாதம் வந்தவர் பதினான்காம் சிங்கராயர் என்று பெயர் வைத்துக்கொண்டார்; 1891-ஆம் ஆண்டு மடலை எழுதியவரை நினைத்தே அப்பெயர் என்று அவரே சொன்னார்.

சமையல் வகுப்பு நல்லதே. ஆனால் எங்களைக் கேட்டால், சமையலுக்கு ஒரு ஞாயிறு என்றால் சீட்டுப் படிக்க இரண்டு ஞாயிறு வேண்டும் என்போம். அந்த அறந்தாங்கித் தம்பி எங்களுக்கு அதைத்தான் காட்டினார்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். ஒரு செய்தியை ஒளிக்காமல் சொல்லவேண்டியிருக்கிறது. எங்களில் சிலர் முன்பு வேறொரு தோட்டத்தில் வேலை பார்த்தோம். பெயர் வேண்டாம். சம்பள நாளில் ஒரு வங்காளதேசத்துப் பால்வெட்டுக்காரர் சீட்டைக் கொண்டுவந்து மேசைமீது வைத்து, கழிவுப் பத்தியில் விரலை வைத்தார். மொழி தெரியாது. விரல்தான் கேட்டது. அந்தக் கழிவு எதற்கு என்று எங்களுக்குத் தெரியும். அது எந்தச் சட்டத்திலும் அடங்காது என்பதும் தெரியும். 1955-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம், எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது. நாங்கள் தலை நிமிரவில்லை. "துரையைக் கேள்" என்று கையைக் காட்டினோம். அவர் மூன்று மாதம் அதே விரலை அதே இடத்தில் வைத்தார். நான்காம் மாதம் வரவில்லை. எங்கே போனார் என்று இன்றுவரை தெரியாது.

நாங்கள் ஒன்றும் திருடவில்லை. எழுதச் சொன்னதை எழுதினோம். அந்தக் காலத்துக் கிராணியும் அரைப்பேர் போடச் சொன்னபோது அரைப்பேர்தான் போட்டான், அவனும் திருடவில்லை. நம் பாட்டி அன்றைக்கு அரைக் கூலியோடு லயத்துக்குத் திரும்பினாள். படித்தவன் செய்யாமல் விட்டதற்குத் தொழிலாளிதான் கணக்குக் கொடுக்கிறான். இதைச் சொல்லும்போது தேவன் நாயர் ஞாபகம் வருகிறது. மலாக்காவில் பிறந்த தோட்டக் கிராணியின் மகன்; கிறிஸ்தவப் பள்ளியில் படித்தவர் அல்லர். வாத்தியாராகித் தொழிற்சங்கத்துக்குள் இறங்கி, ஜெயிலும் கண்டு, பின்னர் சிங்கப்பூரின் அதிபராகவும் ஆனார். அவருடைய அரசியலெல்லாம் நமக்கு ஒப்பா என்பது வேறு பேச்சு. கிராணி வீட்டுப் பிள்ளைக்கு வேறு நாற்காலியும் உண்டு என்று காட்டினார்.

சரி, மறுப்புகளுக்கு வருவோம். "அந்நியனுக்குப் பாடமா?" என்று கேட்ட தோழர் இங்கேதான் இருக்கிறார், கோபித்துக்கொள்ளமாட்டார். தோழரே, குறைந்த கூலிக்கு வெட்ட ஒருவனுக்குத் தெரியாமல் இருப்பதால்தான் உமக்கும் கூலி ஏறவில்லை. 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் என்பது அவனுக்கும் சேர்த்துத்தான். அது அவனுக்குத் தெரியாதவரை, அவன் வாங்கும் குறைச்சலே உமது அடுத்த பேச்சுவார்த்தையில் எதிர்த்தரப்பின் ஆயுதம். சங்கத்தில் சேரவும் சட்டம் அவனைத் தடுக்கவில்லை. இது இலாபக் கணக்கு. இலாபம் இல்லாவிட்டாலும் செய்யவேண்டும் என்பார் நம் பெரியவர். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்துக் கோயிலில், ஒரே சாமியைக் கும்பிடும் இரு சாதிக்கு நடுவே சுவர் கட்டி வைத்திருந்தார்கள், 1910-இல்தான் இடித்தார்கள் என்று பஸ்ஸில் வரும்போது எங்களுக்குச் சொன்னார். தங்கள் குறையைத் தாங்களே சொல்கிறவர் பேச்சுக்கு நாங்கள் மதிப்புக் கொடுக்கிறோம்.

"வகுப்பு வாத்தியார் வேலை" என்ற மறுப்புக்குப் பதில் சொல்லவேண்டியதில்லை என்று நினைக்கிறோம். வாத்தியார் வந்தால் வரவேற்போம். வராவிட்டால் நாங்கள் இருக்கிறோம்; செக்ரோல் எழுதுகிறவனைவிடச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவன் யார்? கிராணிமார் நால்வர் பெயர் கொடுத்திருக்கிறோம். நிர்வாகம் என்ன நினைக்குமோ என்று இருவருக்குக் கொஞ்சம் பயம் உண்டு, எங்களுக்கும் உண்டு. ஆகையால் தனி ஆளாகச் செய்யாமல் கிளைத் தீர்மானமாகவே செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

மொழிக்கு வழி என்ன என்று அக்கா கேட்டார். மலாயில் நடத்துவோம், தமிழ்த் தாய்மார்களுக்குத் தமிழில் தனியே. வங்காள மொழி தெரிந்தவர் பதினான்காம் நம்பரில் ஒருவர் இருக்கிறார், அவர் சொல்லித் தருவார். முதல் வாரம் பிரசங்கம் ஒன்றும் கிடையாது. அவரவர் சீட்டைக் கொண்டு வரவேண்டும், மூன்று மாதத்துச் சீட்டு. வைத்திருக்காதவர் அடுத்த சம்பளத்திலிருந்து எடுத்து வைக்கவேண்டும். கைத்தொலைபேசியில் படம் எடுக்கத் தெரியாதவருக்கு உங்கள் பேரப்பிள்ளைகளே போதும்.

தலைவர் தீர்மானத்தை ஓட்டுக்கு விடுவார். ஓட்டு எப்படி ஆனாலும் சரி, கூட்டம் முடிந்ததும் அந்தக் கோடி மேசையில் விளக்கு எரியும். நாங்கள் மேசைக்கு இந்தப் பக்கம், உங்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். சீட்டுக் கையில் இருப்பவர்கள் இன்றைக்கே வரலாம்.